வெள்ளிக்கிழமைப் பாரை மீன்

எனக்குப் பத்து வயது நடந்த தவக்காலத்தில், சண்டையில் இடம்பெயர்ந்து உடையார்கட்டு முகாமில் கிடந்த பிள்ளைகளுக்கு ஒருநாளாவது வயிறு நிறையச் சோறு கொடுப்பதென்று எங்கள் மாமி முடிவெடுத்தார். மாமி முடிவெடுத்தால் எடுத்ததுதான், பங்குச் சுவாமியார் மறித்தாலும் நிற்கமாட்டார். மாதா கோயில் இளைஞர் குழுவோடு போய் அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் பழக்கி வந்தவர் அவர். பாதிப் பாட்டிலேயே பசியில் சுருண்டு படுக்கிற குஞ்சுகளைக் கண்டபிறகு, வெறும் பாட்டோடு போக அவருக்கு மனம் கேட்கவில்லை.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம், மீன்தான். கடற்கரைக் கத்தோலிக்கருக்கு அதைவிடத் தோதான நாள் ஏது? கரைவலைக்காரரைக் கெஞ்சியும் அதட்டியும் பெரிய பெரிய பாரை மீன்களாக வாங்கிவிட்டார். சைக்கிள்களில் கட்டிக்கொண்டு போய், முகாமில் ஒரு மரத்தடியில் அடுப்பு மூட்டி, ஒரு பானையில் சோறும் பெரிய சட்டியில் புளி விட்ட மீன்குழம்பும் ஆக்கினோம். எனக்கு வாயூறி நிற்கமுடியவில்லை.

ஆனால் தட்டோடு ஓடிவரவேண்டிய பிள்ளைகள் தள்ளியே நின்றார்கள். என் வயதுப் பெட்டை ஒருத்தி, இடுப்பிலிருந்த தம்பி குழம்புப் பக்கம் நீட்டிய கையைப் பிடித்து மடக்கினாள்.

“இண்டைக்கு வெள்ளி. நாங்கள் மச்சம் தின்னமாட்டம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளி என்றபடியால்தானே மீன்! சைவக்காரர் வெள்ளியில் மீனும் தொடமாட்டார்கள் என்பது எங்கள் குழுவில் ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. அட கடவுளே, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளே சைவக்காரிதான்! கூட வந்த சித்தப்பா, “பசிச்ச வயித்துக்கு என்ன வெள்ளியும் சனியும்? பேசாமல் போட்டுக் குடுங்கோ” என்றார். மாமி பார்த்த பார்வையில் அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“பிள்ளையள் பசியோடை படுக்கக்கூடாது. வெள்ளியும் முறியக்கூடாது. ரண்டும் நடக்கும்” என்றார் மாமி.

குழம்பை மூடினார். நேரே அந்தப் பெட்டையின் தாயிடம் போனார். நிவாரணச் சாமான் கொடுக்கும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விடுகிற மனுசி அவ.

“தங்கச்சி, சோத்திலை மீன் படேல்லை. ஆனால் மீன் காய்ச்சின எங்கடை சட்டி மரக்கறிக்கு உதவாது. நான் மரக்கறி கொண்டுவாறன், உங்கடை சட்டியிலை நீங்களே சமைச்சுத் தருவீங்களோ?”

கேட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். வீடு வீடாக ஏறி இறங்கிப் பூசணிக்காயும் முருங்கையிலையும் தூக்கி வந்தார். அதற்குப் பிறகு எங்களை ஒருத்தரும் அடுப்படிக்கு விடவில்லை. முகாம் அம்மாமார் கூடிவிட்டார்கள். பிள்ளைகள் வயிறு முட்டத் தின்று ஏவறை விட்டார்கள். சேவை செய்யப் போன எங்களையும் பாயில் இருத்தினார்கள். நிலத்தைப் பார்க்கிற மனுசி எனக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, “என்ன பிள்ளை கொறிக்கிறாய்? இன்னும் போடட்டோ?” என்று அதட்டினா. தண்ணீர் கொண்டுவரப் பிந்திய மகளுக்கும் நல்ல பேச்சு விழுந்தது.

புளிக்குழம்பு சனிக்கிழமைக்கும் பழுதாகாது என்று சட்டியோடு விட்டுவிட்டுப் புறப்பட்டோம். அந்த மனுசி தெருவரைக்கும் வந்தா.

“அக்கா, அடுத்தமுறையும் வெள்ளிக்கிழமையே வாங்கோ.”

“ஓம், வாறம்” என்றார் மாமி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை போனால் அவர்களுக்கும் மீன், எனக்கும் மீன். மீன் தின்னாத நாளைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா? வழி நெடுக மாமியை அரித்தெடுத்தேன். அவர் சைக்கிளை இன்னும் வேகமாக உழக்கினார்.

அடுத்த வெள்ளி, சமைக்காத அரிசியும் மரக்கறியுமாக மாமி மறுபடி புறப்பட்டார். சமைத்துக் கொடுக்க உடம்பு வளையாமல் பஞ்சிப்பட்டு, பாவப்பட்ட சனத்தின் தலையிலேயே வேலையைக் கட்டுகிறாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.