பிறக்காத பிள்ளைக்கு ஓட்டு

“இன்னும் பொறக்காத பிள்ளைக்கு ஓட்டு உண்டா, தம்பி? வயித்தை எக்காம சொல்லு.”

இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்தபடி தையல்காரக்கா கேட்டார். வயிற்றை எக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் கடை. மெஷினும் அவரும் உள்ளே போனால் அறை நிறைந்துவிடும். அளவு கொடுப்பவர் வெளியேதான் நிற்க வேண்டும். நிற்பவரிடம் வில்லங்கமாக ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார். “நல்லவனா இருக்கணுமா, நல்லது செஞ்சா போதுமா?” என்று கேட்டுவைத்ததில் ஒரு கணவனும் மனைவியும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. “துணியைத் திருப்பிப் பாத்தாத்தானே தையல் தெரியும்? பேச்சும் அப்படித்தான்” என்பார், குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

பிள்ளைகள் விளையாடும் திடலைக் கார் நிறுத்துமிடமாக மாற்றலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் நடந்தது. மாற்றினால், அதன் மூலையில் அக்காவுக்கு ஜன்னல் வைத்த பெரிய கடை கட்டித் தருவதாகப் பேச்சு. அதனால் அவர் தன் பக்கம்தான் என்று நம்பியிருந்தார் காருக்கு இடம் கேட்ட சங்கச் செயலாளர். அக்கா எழுந்து, என்னிடம் கேட்டதையே அங்கும் கேட்டார்.

“இருக்கறவனுக்கே வண்டி விட இடமில்ல. இல்லாதவனுக்கு ஓட்டாம்மா?” என்று சிரித்தார் செயலாளர்.

“உங்க பேத்தி பாவாடையில நாலு விரல் துணி உள்ள மடிச்சுத் தச்சிருக்கேனே, எதுக்கு சார்?”

“வளர்ற பிள்ளை. அப்புறம் பிரிச்சு விடலாம்ல?”

“வராத உயரத்துக்குத் துணி குடுத்தீங்க. வராத பிள்ளைக்கு இடம் குடுக்க மாட்டீங்களா?”

கைதட்டல் அடங்குமுன் எங்கள் குடியிருப்பில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் கத்தினார்: “அந்தப் பிள்ளை வந்து, எனக்கு கார் விடத்தான் இடம் வேணும்னு சொன்னா?”

“அய்யய்யோ, இது எனக்குத் தோணலையே!” முதலில் சிரித்தவர் அக்காதான். “அதுக்கு எங்கிட்ட பதில் இல்லப்பா.”

அதன்பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. படியில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து வாதாடினார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். காருக்கு இருபத்தொன்று. திடலுக்கும் இருபத்தொன்று. அக்கா மட்டும் இன்னும் தூக்கவில்லை.

“ஜன்னல், அக்கா, ஜன்னல்!” என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்.

மடியில் ஓரம் அடித்துக்கொண்டிருந்த சட்டையில் ஊசியைக் குத்தி வைத்தார் அக்கா. “திடல்” என்று சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தினார்.

இதை உங்கள் வீட்டிலும் யாருக்காவது சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.