பனிச்சாலையில் ஊசிக்காரம்மா

அவளை எல்லோரும் ஊசிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர்களின் வீடு தேடிப் போய், விடியும் முன்பே எடுத்து வர வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே சைக்கிள்தான். வெயில் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. குளிர் காலத்தில்தான் உயிர் போகும்.

அவளுடைய கவலையெல்லாம் விரல்களைப் பற்றித்தான். விரல் விறைத்துவிட்டால் நரம்பு தட்டுப்படாது. குத்திய இடத்திலேயே திரும்பக் குத்த வேண்டியிருக்கும். அதனால் மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேல் தோல் கையுறை. அப்படியும் வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். கதவைத் திறந்த ஒரு கிழவர், "யாரது, திருட வந்துட்டு யோசிக்கிற மாதிரி நிக்கிறது?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார்.

உடம்புக்குப் பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் மழைக்கோட்டு. மார்பில் காற்று ஏறாமலிருக்க மடித்த செய்தித்தாள். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ. மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கும். "தலை நனைஞ்சா துவட்டிக்கலாம். கால் நனைஞ்சா ரெண்டு நாள் படுக்கைதான்" என்பாள்.

வெளிச்ச விஷயத்தை அவள் கணவன் பார்த்துக்கொண்டான். பஸ் டிப்போவில் மெக்கானிக். வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து மட்கார்டு, பெடல், மழைக்கோட்டின் கைகள் என்று இடம் விடாமல் ஒட்டிவிட்டான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, மேலே ஆரஞ்சு நிற மேல்சட்டை.

"சர்க்கஸே கெளம்பிடுச்சு போல!" என்று ஒட்டியவனே சிரித்தான்.

"சிரி சிரி. உன் பொண்டாட்டி முழுசாத் திரும்பி வரணுமா வேணாமா?"

அவள் தினமும் போகும் வழியில் கல்குவாரி ரோடு வரும். ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் இடுப்பளவு பள்ளம். பனி இறங்கினால் பத்தடிக்கு மேல் கண் எட்டாது. அன்று பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. வழக்கம்போல ஓரமாக ஒதுங்கினாள். லாரி ஹார்ன் அடிக்கவில்லை, வேகமும் குறையவில்லை. நேராக அவள்மேல்தான் வந்தது. சைக்கிளோடு பள்ளத்தில் சரிந்தாள். சேற்றில் கிடந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீலத் தார்ப்பாய், அதைக் கட்டிய சிவப்புக் கயிறு. அவ்வளவுதான், பனி மூடிக்கொண்டது. சைக்கிளின் சிவப்பு விளக்கு மட்டும் பள்ளத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

முழங்கை சிராய்ப்பைவிட அந்த விளக்குதான் அவளை உறுத்தியது. "நல்லா எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அவன் எப்படிப் பாக்காம இருப்பான்?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் இன்னொரு விளக்கை வாங்கி வந்து மாட்டினான்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு வீடு சேர்ந்தது. சர்க்கரை நோயாளி, லாரி டிரைவர். ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் லோடுக்குப் போவாராம். தெருமுனை திரும்பியதும் அவள் கால் தானாகத் தரையில் ஊன்றியது. வீட்டை ஒட்டி லாரி நின்றது. நீலத் தார்ப்பாய், சிவப்புக் கயிறு.

வாய்க்கு வந்தபடி கேட்டுவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனாள். ஆரஞ்சுச் சட்டையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றவளை நேருக்கு நேர் பார்த்து டிரைவர், "யாரு வந்திருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். நாற்காலியைக் கையால் தடவித்தான் உட்கார்ந்தார். ரத்தம் எடுத்துக்கொண்டே ஊசிக்காரம்மா அவர் கண்களையே பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணே, கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கென்ன? முப்பது வருஷம் வண்டி ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா கேளு."

அவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

"சரிண்ணே, ஒரு நிமிஷம் வெளிய வாங்க. எனக்கு ஒரு உதவி. புது விளக்கு மாட்டிருக்கேன், எவ்வளவு தூரம் தெரியுதுன்னு சொல்லணும்."

வாசலில் அவரை நிற்க வைத்து, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு பனிக்குள் சைக்கிளை உருட்டினாள்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது."

இன்னும் கொஞ்சம் போனாள்.

"தெரியுது, போ."

அங்கே சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஷூ சத்தம் வராமல் சுவரோரமாகவே திரும்பி நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றாள். வாசற்படியில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரைவர் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுது… இன்னும் நல்லாத் தெரியுது. அந்தா போறியே!"

"அண்ணே, நான் இங்க நிக்கிறேன்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன விளையாட்டு இது?"

"போன வாரம் குவாரி ரோட்டுல பள்ளத்துல விழுந்தது நான்தான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ சத்தம் கேட்டுச்சு. மாடுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாமல், "எனக்கு எப்பவுமே முன்னாடி ஒரு வெளிச்சம் தெரியுது. அதைப் பாத்துத்தான் ஓட்டுறேன்" என்றார்.

மனைவி உள்ளே போய் ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். "அக்கா, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். கண் மருத்துவமனைக்கும் அவளே கூட்டிப் போனாள். இடது கண் முற்றிலும் போயிருந்தது, வலது கண்ணில் பாதி. மறு மாதம் ஊசிக்காரம்மா போனபோது டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். மனைவி விடியும் முன்பே வேலைக்குப் போயிருந்தாள். ஊசி ஏறியதும் இறங்கியதும் தவிர அங்கே எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த மாதங்களிலும் அப்படித்தான்.

"நல்லதுதானே செஞ்ச? அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றான் கணவன்.

"ஒருத்தரோட கண்ணைத்தான் பாத்திருக்கேன். அந்த ரோட்டுல நாப்பது லாரி ஓடுது."

அவன் மழைக்கோட்டின் கையில் இன்னொரு ஒட்டுத் துண்டை ஒட்டினான்.

இப்போதெல்லாம் லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவள் இறங்கிவிடுகிறாள். சைக்கிளைப் பள்ளத்தில் இறக்கி, தானும் இறங்கி, சத்தம் கடந்து போகும்வரை நிற்கிறாள். ஒருநாள் அந்த நீலத் தார்ப்பாய் லாரியும் வந்தது. அதை இப்போது வேறு யாரோ ஓட்டுவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. சைக்கிள் விளக்கைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

லாரி வேகத்தைக் குறைக்கவில்லை.