அண்ணியின் வாயும் ஆறாம் தடையும்

எங்கள் அண்ணி பார்லரில் முடி வெட்டுகிறவர். கத்தரி நின்றாலும் நிற்கும், வாய் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்குள் அவருடைய மருமகளின் குணம், மாடிவீட்டுக்காரரோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுவார். பதிலுக்கு என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார். அதே பார்லரில் கல்லாவில் உட்கார்ந்திருப்பது நாத்தனாராகிய நான் என்பதால் அவ்வளவும் என் காதில் விழும். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, அண்ணன் இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் பொதுவாகத் தலையை ஆட்டிவிடுகிறார்.

இந்த அண்ணிக்கு நாற்பதைத் தொடும் வயதில் குதிரை ஆசை வந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு லாயத்துக்கு லீவு நாள்களில் போய் ஏறிப் பழகினார். சமதரையில் சுற்றிவருவதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திறந்த வெளியில் ஓடி, வழியில் கிடக்கிற அடிமரம், வேலி, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டுகிற ஓட்டம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். யாருக்கும் மசியாத ஒரு பழுப்புக் குதிரை அண்ணிக்கு மட்டும் மசிந்தது. சேணம் போடுவதற்கே கெஞ்ச வேண்டும், எடுத்ததற்கெல்லாம் முறுக்கிக்கொள்வான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் நான்தான் மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். லாயத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன ஆண்டு ஒரு பள்ளத்தை நோக்கிப் பாய்ந்து போன மாப்பிள்ளை கடைசி நொடியில் நின்றுவிட்டான். அண்ணி மட்டும் தாண்டினார். காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. மறுபடி ஏறினார்தான். ஆனால் தடை கண்ணில் பட்டதும் உதடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும், கால் இரண்டும் குதிரையின் விலாவை இடுக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவான். நிமிர்ந்து பாருங்க, ஆழமா மூச்சு விடுங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணியும் வீட்டில் சோபாவின் கைப்பிடிமேல் கால் பரப்பி உட்கார்ந்து அருமையாக மூச்சு விட்டார். சோபாதான் எங்கேயும் ஓடவில்லை.

லாயத்தின் சொந்தக்காரியை எல்லோரும் கேப்டன் என்பார்கள். என்னைவிடச் சின்னவள், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவள். ஒருநாள் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நல்ல குதிரை நின்னு நின்னு கெட்டுப்போகுது. வர்ற போட்டியில நீங்க முழுசா முடிச்சுட்டா மாப்பிள்ளை உங்களுக்குத்தான், நீங்களே ஓட்டலாம். இல்லேன்னா வேற ஆளை ஏத்திடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அன்று வீடு வந்து சேரும்வரை அண்ணி பேசவில்லை. மறுநாள் பயிற்சிக்கு நானும் கூடவே போனேன். ஊக்கம் கொடுக்கப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விட்டுவிடச் சொல்லத்தான் போனேன். இன்னொரு தரம் அண்ணியை ஸ்ட்ரெச்சரில் பார்க்க என்னால் ஆகாது.

மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு கத்தினேன். "அண்ணி, போதும், இறங்கிடுங்க. வயசு என்ன ஆகுது உங்களுக்கு?"

"உன்னைவிட நாலுதான் கூட," என்று மாப்பிள்ளைமேல் வந்துகொண்டே அண்ணி கத்தினார்.

"அந்த நாலுலதான் எலும்பு உடையுது."

"உங்க அண்ணனோட குறட்டையையே இத்தனை வருஷம் தாங்கியிருக்கேன், இது என்ன பெரிய கம்பசூத்திரம்?"

"எங்க அண்ணன் குறட்டை விடமாட்டார்."

"நீயா பக்கத்துல படுக்கற?"

அதற்கு நான் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தபோதுதான் கேப்டன் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே போட்டாள். அண்ணி அடிமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். தாண்டியது அவருக்கே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி காதை ஆட்டிக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. அண்ணி வாயை மூடினால், முன்னால் ஏதோ ஆபத்து என்று அவன் நின்றுவிடுகிறான். அவனைக் குறை சொல்லி என்ன பண்ண? அண்ணி திடீரென்று பேச்சை நிறுத்தினால் எங்கள் வீட்டிலும் அவரவர் இருந்த இடத்தில் நின்றுவிடுவோம்.

அன்றிலிருந்து பிடித்தது யோகம். ஒவ்வொரு தடையின் பக்கத்திலும் நான் நின்று வம்புக்கு இழுப்பேன், அண்ணி ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே தாண்டுவார். மரம், வேலி, மேடு, பள்ளத்தைத் தவிர ஒன்று பாக்கியில்லை. அண்ணியைத் திட்டுவதற்கென்று வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போகிற பாக்கியம் எந்த நாத்தனாருக்குக் கிடைக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே அடுத்த நாளைக்கான குத்தல் பேச்சுகளை யோசித்து வைப்பேன்.

போட்டி அன்று ஒரு சிக்கல் வந்தது. தடைகளைக் கவனிக்க ஆள் போதவில்லை என்று வந்திருந்தவர்களைப் பிடித்துப்போட்டார்கள். என் கையில் ஒரு வாக்கிடாக்கியையும் சிவப்புக் கொடியையும் கொடுத்து ஆறாம் தடையில் நிற்க வைத்தார்கள். ஆறாம் தடை என்பது பள்ளம். குதிரை அங்கே மூன்று தரம் மறுத்தால் நான் கொடியைத் தூக்க வேண்டும், ஓட்டுகிறவர் வெளியே போக வேண்டும். வெளியாள் யாராவது ஒரு சொல்லாலோ சைகையாலோ உதவினாலும் அதே கதிதான். அந்த ஓட்டத்தில் என் அண்ணி வருகிறார், என்னை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று வாக்கிடாக்கியில் கெஞ்சினேன்.

"வேற ஆள் இல்லீங்க. வாயை மூடிட்டு நின்னாப் போதும்," என்று பதில் வந்தது. என்னைத் தெரியாதவர் சொன்னது.

அண்ணி வந்தார். பழகிய மரம், வேலி என்று ஐந்து தடைகளைத் தாண்டியாயிற்று என்பது முகத்திலேயே தெரிந்தது. பள்ளத்தைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே உறைந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை நின்றான். சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடியும் நின்றான்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அண்ணி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லேன் என்று அந்தப் பார்வை கேட்டது. என் தொண்டைவரை வார்த்தை வந்து முட்டியது. ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டாலும் போய்விடுவான். நான் துப்பட்டாவின் முனையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி குதிரையைத் திருப்பித் தூரமாகக் கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல்.

"அண்ணீ, இறங்கிடுங்க அண்ணீ, வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?"

அதே மூக்கால் இழுக்கிற இழுப்பு. இவ்வளவு மோசமாகவா பேசுகிறேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. உடனே அண்ணியின் சொந்தக் குரல் வந்தது. "யாருக்குடி வயசாச்சு?"

மாப்பிள்ளையின் காது நிமிர்ந்தது. பாய்ச்சல் எடுத்தான். மண் தெறித்தது.

"எலும்பு உடையும் அண்ணீ."

"உடைஞ்சாக் கூடும்."

"விழுந்தா என்ன பண்ணுவீங்க அண்ணீ?"

பள்ளத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்தார், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தூக்கத்தான் நீ நிக்கிறியே, பயமென்னடி எனக்கு?"

நாலு காலும் தரையை விட்டுப் போயின. ஒரு கணம் குதிரையின் வயிறுதான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தப் பக்கம் தொம்மென்று இறங்கும் சத்தம். அண்ணி மேலேதான் இருந்தார்.

வாக்கிடாக்கியில், "ஆறு, தாண்டியாச்சு," என்று சொன்னேன். அண்ணியைத் தடுப்பதாகத்தான் நான் இத்தனை நாளும் கத்தியிருக்கிறேன். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மரங்களுக்குப் பின்னால் எங்கள் இருவருடைய சண்டையும் ஒரே வாயிலிருந்து கேட்டுக்கொண்டே போயிற்று. எல்லா இடத்திலும் நான்தான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசித் தடையும் தாண்டியாயிற்று, ஓட்டம் முடிந்தது என்று வாக்கிடாக்கி சொன்னபோது நான் கொடியைப் போட்டுவிட்டுக் குதித்தேன். யாராவது பார்த்திருந்தால் என்னைத்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி மாப்பிள்ளையை நடத்திக்கொண்டு என்னிடம் வந்தார். ஹெல்மெட் கோணலாக இருந்தது, முகமெல்லாம் சேறு. கத்திக் கத்திக் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மாப்பிள்ளையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். அப்புறம் என் நெஞ்சையும் தொட்டார்.

"அண்ணனுக்கு நான் சொல்லிடறேன் அண்ணி," என்றேன். "நீங்க பேசாம வாங்க."