ஐஸ் பெட்டியில் வந்த துணி

நேற்று மத்தியானம் அண்ணன் மகள் போனில் ஒரு போட்டோ அனுப்பினாள். சாப்பிட்டுக்கொண்டே திறந்தேன். டயப்பர். "அத்தை, பச்சையா இருக்கே, பரவால்லையா?" ரிட்டயர் ஆன நர்சுக்கு நிம்மதியாகச் சோறு இறங்கக் கூடாது போலிருக்கிறது. ஜுரமில்லை, நன்றாகப் பால் குடிக்கிறான் என்றாள். அப்படியென்றால் பச்சைக்குப் பயமில்லை, வெள்ளையாகவோ ரத்தமாகவோ போனால்தான் ஓடணும் என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டேன்.

எனக்கு முதல் வேலை பழவேற்காட்டில். அப்போது போட்டோ ஏது, சரக்கே நேரில் வரும். ஒருநாள் ஏரிக்கு அக்கரைக் குப்பத்து ஏழுமலை ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். இறால்தான் என்று எனக்கு நாக்கில் எச்சில். "எதுக்குப்பா இதெல்லாம்" என்றபடி வெட்கமில்லாமல் கையை நீட்டினேன். உள்ளே ஐஸுக்கு நடுவில், கவரில் சுற்றிய குழந்தைத் துணி.

"வெயில்ல கெட்டுப்பூடும்னு ஐஸ் போட்டேன் நர்சம்மா."

படகில் வழிநெடுக ஆளாளுக்கு விலை கேட்டார்களாம்.

சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவருடைய முதல் குழந்தை பேதியில் போய்விட்டது. இது பிறந்து மாதம்கூட ஆகவில்லை. துணியில் மஞ்சளாக, தண்ணியாக, தயிர்த் திப்பி மாதிரி இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதுதான் லட்சணம். நன்றாகக் குடிக்கிறதா என்று கேட்டேன்.

"காலைல வரைக்கும் குடிச்சுது. பால் ஒத்துக்கலனு நிறுத்திட்டோம். வெறும் தண்ணிதான்."

நல்லா இருக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். நானும் அவரோடு படகேறினேன்.

படகு நிறைய மீன்காரப் பெண்கள். என்ன ஏது என்று கேட்டார்கள், சொன்னேன். ஏரியில் தண்ணீர் குறைச்சல், படகுக்காரர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் உட்காரவில்லை. பாதி வழியிலேயே எழுந்து நின்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

"ஏழுமலை புள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்லு."

இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு, அடுத்திருந்தவர்களுக்குக் கத்தினார்கள். நாங்கள் கரையேறியபோது பிள்ளை தாய் மார்பில் கிடந்து சப்பிக்கொண்டிருந்தது. ஏழுமலை அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. பைக்கில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். நல்லதுதான், பாலம் கேட்டு ஊரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டவள். ஒரு பிள்ளையின் பாலுக்காக முகம் தெரியாதவர்கள் தொண்டை கிழியக் கத்திய சத்தம் மட்டும் அந்த ஏரிமேல் இல்லை.