மாயாபந்தரில் சம்பாவின் தும்பிக்கைச் சளி

அந்தமானுக்கு எல்லோரும் கடல் பார்க்கப் போவார்கள். நான் போன பிப்ரவரியில் யானைச் சளி எடுக்கப் போனேன். சென்னையில் ஒரு ஆய்வகத்தில் காசநோய்க் கிருமிகளை வளர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிடுவது என் வேலை. மாயாபந்தர் பக்கத்து முகாமில் சம்பா என்ற யானை இளைத்துக்கொண்டே வந்தது. அதன் பாகன் முருகையாவுக்குக் காசநோய். அப்போது மூன்றாவது மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கிருமி ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. சம்பாவிடமும் அதே கிருமியா என்று பார்க்க வேண்டும். வேறாக இருந்தால், முகாமில் இன்னொரு நோயாளி தெரியாமல் இருக்கிறார் என்று அர்த்தம்.

போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தர் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். விடியுமுன் பஸ் ஏறினால் மத்தியானம் தாண்டித்தான் இறங்கலாம். நடுவே ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுப்பகுதியில் வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள்; படம் எடுக்கக் கூடாது, கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

முருகையாவின் தாத்தா ராமநாதபுரத்துக்காரர். பேரனின் தமிழில் பாதி இந்தி. "ஆராமா நில்லுங்க மேடம். சம்பாவுக்கு ஜல்தி பண்ணா புடிக்காது" என்றார். மூன்று நாளும் காலையில், அது தண்ணீர் குடிக்குமுன், தும்பிக்கைக்குள் உப்புநீர் ஊற்றினோம். முருகையா அதன் கழுத்தைத் தடவியபடி ஏதோ சொல்ல, அது தும்பிக்கையைத் தூக்கி, பிறகு நான் பிடித்திருந்த பைக்குள் பெரிதாக ஊதியது. என் முகக்கவசம், கண்ணாடி எல்லாம் நனைந்தது. முருகையா சிரிக்கவில்லை.

"ஒரே கிருமின்னா என்னை சம்பாகிட்டேருந்து மாத்திருவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

திரும்பும்போது ஐஸ் பெட்டி என் மடியில். "உள்ள மச்லியா மேடம்?" என்றார், மீன் என்று நினைத்த கண்டக்டர். யானைச் சளி என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார். போர்ட் பிளேர் வரை கால் நீட்டி வந்தேன்.

கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். மே மாதம் இரண்டின் மரபணு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசமே இல்லை. அறிக்கை அதிகாரிகளுக்குப் போனது. அன்று சாயங்காலம் முருகையா கூப்பிட்டார்.

"நான்தான் குடுத்தேனா மேடம்?"

"ரெண்டும் ஒரே கிருமி. யார் யாருக்குக் கொடுத்ததுன்னு இந்தச் சோதனை சொல்லாது. ஆனா பெரும்பாலும் மனுஷங்ககிட்டேருந்துதான் யானைக்குப் போகும்."



"சம்பாவுக்கும் அதே தவாயிதானே?"

"அதே மருந்துதான். அளவு மட்டும் ரொம்ப அதிகம்."

"மொத மாசம் சாப்பாடே இறங்காது மேடம். என்னை மாத்த வேணாம்னு யானை டாக்டர் சாப்கிட்ட சொல்லுங்க. நான் கூட இருந்தா திங்கும்."

சொன்னேன். முருகையாவின் சளியில் இப்போது கிருமி இல்லை என்று சோதனையில் உறுதியானதால், மாற்றவில்லை.

முகாம் பார்க்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இருமல் இருந்தால் அந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். யானைக்கு உங்கள் கையால் பழம் கொடுக்க வேண்டாம். பாகனிடம் கொடுத்தால் போதும்.

முருகையாவின் மாத்திரை முடிந்துவிட்டது. சம்பாவுக்கு இன்னும் பல மாதம் பாக்கி. முதலில் எல்லாவற்றையும் துப்பியதாம். இப்போது வெல்லத்தில் பொதிந்து அவர் நீட்டினால் மட்டும் வாங்கிக்கொள்கிறது.