பால் மரத்தில் செய்த பேஸ் கித்தார்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, சுவரடியில் சிமெண்டுத் தரையில் கிடந்த ஒரு கைப்பிடி மஞ்சள் மாவு. நேர் மேலே, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், அண்ணனின் பேஸ் கித்தார் தொங்கியது. அவர் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அதை அவரே செய்தார். எழுபதுகளின் கடைசியில், தோட்டத்தில் மறுநடவுக்காகக் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது, அம்மா பால் வெட்டிய நிரையிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

"அடுப்புக்குப் போற கட்டையில கித்தார் செய்றான் பாரு! பால் மரத்துல பூச்சி விழும்டா," என்றார் அப்பா.

"முப்பது வருஷம் பால் குடுத்த மரம்ப்பா. பாட்டு குடுக்காதாலா?"

பக்கத்து நகரமான ஈப்போவில் ஒரு சீன வாத்தியக்காரரின் பழைய பேஸ் கித்தாரைத் தையல் நாடாவால் அளந்து வந்தார். தந்தி அதிரும் நீளம் முப்பத்து நான்கு அங்குலம். அடிமரம் அகலம் போதாததால் இரண்டு பலகைகளை ஒட்டி உடல். கழுத்துக்கு நியாத்தோ என்ற சிவந்த காட்டு மரம்; தந்தி இழுத்து வளையாதிருக்க அதன் நடுவில் ஓர் இரும்புக் கம்பி. கழுத்தையும் உடலையும் பிணைக்க நான்கு திருகாணிகள். தந்தியின் ஒலியைப் பிடிக்கும் காந்தத்தின்மேல் செப்புக் கம்பியைக் கையாலேயே சுற்றினார்.

முதுகுப் பக்கம் கருத்த கோடு ஒன்று இருந்தது. அம்மா விரல் வைத்துப் பார்த்தார். "என் கை தவறி கத்தி ஆழமா எறங்குன எடம்லா இது. கங்காணி அன்னிக்கு ஏசுன ஏச்சு!" அண்ணன் அதை மட்டும் இழைக்காமல் விட்டார்.

பலகைகளை மூன்று மாதம் கூரையடியில் காயவைத்திருந்தார். வண்டு அப்போதே முட்டையிட்டிருக்க வேண்டும். எட்டு மாதம் கல்யாண வீடுகளில் வாசித்தார். பிறகு தைப்பிங் சாலையில், மழையில், இசைக்குழுவின் வேன் கவிழ்ந்தது. கித்தாரில் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தபோது, அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யாரையும் தொட விட்டதில்லை.

அன்று காலை நான் அதை இறக்கினேன். முதுகு முழுக்க ஊசித் துளைகள். கருத்த கோட்டின்மேல் கட்டைவிரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. கழுத்தையாவது காப்பாற்றலாம் என்று திருப்புளியை வைத்தேன். நான்கு திருகாணிகளும் சுற்றாமலே கையோடு வந்தன; கழுத்தும் உள்ளே மாவு.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அழவில்லை.

"ஒங்கப்பா சொன்னாருல்ல. அடுப்புல வச்சிரும்மா," என்றார் என்னிடம்.

அந்த வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.