பல்லுக்காரி குடைந்த சிலிண்டர்

பல்லுக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, உலோகத் தொப்பியின்மேல் பீங்கான் பூசி, சுட்டு, தேய்த்து, ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுப்பவள். இருபது வருஷமாக இதே வேலை.

அவளுடைய கொழுந்தனுக்கு மரம் அறுக்கும் தொழில். ஒரு மத்தியானம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கையில் ஒரு இஞ்சின் சிலிண்டரோடு வந்து நின்றான். அவனுடைய மோட்டார் ரம்பம் தடித்த மரத்தில் திணறுகிறது என்று, புகை வெளியேறும் துவாரத்தைப் பெரிதாக்கித் தரும்படி மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறான். குடைந்தபோது உள்சுவரின் கெட்டிப் பூச்சு ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. இதோடு இரண்டு சிலிண்டர் போச்சு.

அவள் கையைக்கூடத் துடைக்காமல் அதை வாங்கிப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். பீங்கான் உடைந்தால் எப்படி இருக்குமோ அச்சு அசல் அதே ஓரம்!

"வெளியிலேர்ந்து உள்ள பாத்துத் தேய்ச்சிருக்காரு, பூச்சு தூக்கிக்கிச்சு. உள்ளேர்ந்து வெளிய தள்ளித் தேய்ச்சா அது பாட்டுக்கு ஒட்டிட்டு இருக்கும்," என்றாள்.

"அவ்ளோ சின்ன எடத்துல எந்த மிஷின் அண்ணி உள்ள போகும்?"

அவள் இழுப்பறையைத் திறந்து, டாக்டர் கழித்துப்போட்ட, கழுத்து வளைந்த பல் குடையும் கருவியை எடுத்துக் காட்டினாள்.

விஷயம் கேள்விப்பட்ட மெக்கானிக், பல்லுக்கும் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார். ஆனாலும் தன்னால் கெட்டது என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. தன் கடையிலிருந்தே ஒரு பழைய சிலிண்டரை எடுத்துக்கொண்டு, கூடவே வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் முதலில் கருவியைத் தொடவே இல்லை. பல்லுக்கு அச்செடுக்கும் ரப்பரைக் குழைத்துச் சிலிண்டருக்குள் அடைத்தாள். இறுகியதும் துவாரங்கள் வழியே பக்கவாட்டில் நீண்டதை வெட்டிவிட்டு நைசாக உருவினாள். சிலிண்டரின் வயிறு முழுவதும் ரோஸ் நிறத்தில் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. முப்பது வருஷமாக இஞ்சினைப் பிரித்து மாட்டியவர், அந்த உட்புறத்தைத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாரே தவிர, இப்படிக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டத் தாண்டாதம்மா. தாண்டினா பிஸ்டன் ரிங் அந்த ஓட்டையில மாட்டி ஒடஞ்சிரும்."

இரண்டு சாயங்காலம் வேலை நடந்தது. வைர முனை கிர்ரென்று சுழல, மயிரிழை மயிரிழையாக அவள் குடைந்தாள். மெக்கானிக் மூச்சை அடக்கிக்கொண்டு டார்ச் பிடித்தார். பூச்சு ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை. கடைசியில் பல் ஓரத்தை மழுக்குவதுபோலத் துவாரத்தின் ஓரத்தையும் மழுக்கி, கழுவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மரக்கிடங்கில் அந்தச் சிலிண்டரை மாட்டி ரம்பத்தைக் கிளப்பியபோது அது காது கிழியக் கத்தியது. இப்போது இதற்குத் தீனி அதிகம் வேண்டும் என்று மெக்கானிக் கார்புரேட்டர் திருகைச் சற்றுத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினார். கத்தல் உறுமலாகியது. கொழுந்தன் ஒரு தடித்த கட்டையில் ரம்பத்தை வைத்தான். அதே மரத்தின் இன்னொரு துண்டை, மெக்கானிக் கடையிலிருந்த, துவாரம் குடையாத வேறொரு சிலிண்டரை மாட்டி, முந்தின நாள் நாற்பது நொடியில் அறுத்திருந்தான். மரத்தூள் மழையாகக் கொட்டியது. கட்டை துண்டாகித் தொப்பென்று விழுந்தபோது பல்லுக்காரியின் கைக்கடிகாரத்தில் இருபத்தெட்டு நொடிதான் ஆகியிருந்தது.

"அண்ணி, கைய இழுத்துட்டுப் போகுது அண்ணி!" என்றான் கொழுந்தன். மெக்கானிக் அடுத்த கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். நான்கு கட்டை அறுத்தும் யாருக்கும் நிறுத்த மனசு வரவில்லை. ஐந்தாவதை அவளே கேட்டு வாங்கி, கொழுந்தன் பக்கத்தில் நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்து முடித்தாள்.

அடுத்த வாரம் மெக்கானிக் இன்னும் இரண்டு சிலிண்டரோடு வந்தார். டாக்டர்களுக்குச் சேரவேண்டிய பல் முதலில், இதெல்லாம் சனிக்கிழமைதான் என்று கறாராகச் சொல்லி வாங்கி வைத்தாள்.

அவளுடைய கணவர், கட்டை அறுத்த அன்றே, இந்தக் கதையைச் சாப்பாட்டு வேளையில் அவள் வாயால் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை இருபத்தெட்டு நொடி இருபது நொடியாகக் குறைந்திருந்தது.